அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஒரு ரோபோ



2020-இல் கொரோனா பரவியபோது, திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கு ‘ஸாஃபி’ ரோபோக்களைக் கொடுக்க முன்வந்தது நம்மூர் நிறுவனமான பிராப்பெல்லர் டெக்னாலஜீஸ். தனி வார்டில் இருப்பவர்களுக்கு மருந்தும் சாப்பாடும் கொண்டுபோவது அவற்றின் வேலை. நர்சுகளுக்குத் தொற்று வரக்கூடாது என்ற நியாயம் எல்லோருக்கும் புரிந்தது.

அதே ரோபோ வீட்டில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்தால்? “பெத்த பிள்ளைங்க இருக்கும்போது மெஷின் எதுக்கு?” என்றுதான் முதலில் கேட்போம். அந்தக் கேள்வியில் பாசம் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கிறார்களா? 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் 60 வயதைத் தொட்டவர். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதி, உத்திர வீதி வீடுகளை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில்; வீட்டில் வயதான தம்பதி மட்டும். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கொடுத்து, மறு கையால் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, கணவரை எழுப்பி உட்கார வைக்கிறார் அந்த அம்மா. அவருக்கே இடுப்பு பிடித்துக்கொண்டால் அன்றைக்கு யார் துணை?

ஜப்பானில் ஆளைத் தூக்கவும், நடக்க வைக்கவும், கழிவறைக்குப் போக உதவவும் கருவிகளை உருவாக்க அரசே ஊக்கம் தருகிறது. இவற்றை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். கழிவறைக்குப் போக இன்னொருவர் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறதே என்று கூச்சப்பட்டு, தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெரியவர்கள் உண்டு. அங்கே கருவி மானத்தைக் காப்பாற்றும்.

‘பாரோ’ என்றொரு ஜப்பானிய ரோபோவும் உண்டு. கடல்நாய்க்குட்டி உருவம், தடவிக்கொடுத்தால் குரல் கொடுக்கும். மறதிநோய் உள்ளவர்களை அமைதிப்படுத்தப் பயன்படுத்துகிறார்கள். மருந்துபோல அது உதவட்டும். ஆனால் பேச்சுத்துணைக்கு மெஷின் இருக்கிறதே என்று நாம் ஒதுங்கிக்கொள்வது தவறு.

ரோபோ செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மருத்துவமனையின் சமதளத்தில் ஓடுகிற சக்கரம், நம் பழைய வீட்டு நிலைப்படியையும் முற்றத்துப் படியையும் தாண்டுமா? பல் போனவர் பேசும் தமிழ் ரோபோவுக்குப் புரியுமா? இவற்றை முதலில் கவனியுங்கள்.

பிள்ளைகளே, ரோபோவோ கேமராவோ எது வாங்கினாலும், அம்மா அப்பாவைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சரி என்றால், கருவியால் மிச்சமாகும் நேரத்தில் அவர்களோடு பேசுங்கள். அந்த வேலை நமக்குரியது.