எல்லைக்கு முன்னமே முடிகிற படம்

(த பேசினில் ‘லோகன்’ படத்தைச் சேர்ந்திருந்து பார்த்த பிறகு, உரையாடலைத் தொடக்கிவைத்துப் பேசியது. பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

வுருன்ஜெரி மக்கள் ஒருபோதும் விட்டுக்கொடுக்காத நிலத்தில் இருந்துகொண்டு எல்லைகளைப் பற்றிப் பேசப் போறம். அதை முதலில் சொல்லிவிட்டுத் தொடங்குறன்.

தேத்தண்ணி குடிக்கேக்கையே சண்டை தொடங்கிவிட்டது. ஒரு பக்கம், “இதுவரை வந்த சூப்பர் ஹீரோ படங்களிலேயே மனுசத்தனமான படம் இதுதான்” எண்டினம். மற்றப் பக்கம், “ஒரு வெள்ளை ஆம்பிளை அழகாகச் சாகிறதுக்காக எத்தனை பேரைக் கொல்லுறாங்கள்?” எண்டினம். இரண்டு பக்கமும் சரி எண்டுதான் நான் நினைக்கிறேன். ஏன் எண்டு சொல்லுறன்.

முதலில் கொஞ்சம் பின்னணி. ஹியூ ஜாக்மன் சிட்னியில் பிறந்தவர். 2000ஆம் ஆண்டு ‘எக்ஸ்-மென்’ படத்தில் வுல்வரினாக நடிக்கத் தொடங்கினார். 2009இல் வந்த படத்தின் சில பகுதிகளைச் சிட்னியின் கொக்கட்டூ தீவில் எடுத்தார்கள். ஜேம்ஸ் மான்கோல்ட் இயக்கிய ‘லோகன்’ 2017 மார்ச்சில் வந்தது. வுல்வரினுக்கு இதுதான் கடைசிப் படம் எண்டு சொல்லித்தான் வெளியிட்டார்கள்.

படத்தின் பெரிய பலம், அது வேலையைக் காட்டுகிறது. 2029இல் லோகன் மெக்சிக்கோ எல்லையோரத்தில் லிமோசின் ஓட்டிப் பிழைக்கிறான். உடம்பில் ஏற்றிய உலோகமே அவனை நஞ்சாகக் கொல்லுது. ஒரு காலத்தில் எல்லாருக்கும் ஆசானாக இருந்த சார்ல்ஸ் சேவியர் இப்ப மூளை தளர்ந்த 90 வயதுக் கிழவர். அவரைத் தூக்கி, மருந்து கொடுத்து, கழிவறைக்குக் கொண்டுபோய், ஏச்சு வாங்கி... இதை எந்த சூப்பர் ஹீரோ படத்தில் பாத்தனீங்கள்? எங்கட அம்மாமார், அன்ரிமார் எத்தனை பேர் முதியோர் இல்லங்களில் இரவு வேலை செய்யினம். அவர்களுடைய நாரிநோவை இந்தப் படம் புரிந்துகொள்கிறது.

இரண்டாவது பலம், எதிரி ஒரு தனி வில்லன் இல்லை, ஒரு கம்பனி. அது மெக்சிக்கோவில் குழந்தைகளை ஆயுதமாக உருவாக்குது. அதைவிட நல்ல ஆயுதம் கிடைத்தவுடன் குழந்தைகளை அழிக்கப் பார்க்குது. மனிதரைப் பண்டமாக்குவது எண்டு நாங்கள் வாசிப்பு வட்டத்தில் மணித்தியாலக் கணக்காகப் பேசுறதை இது இரண்டு காட்சியில் சொல்லிவிடுகிறது.

இனிப் பலவீனம். வழியில் ஒரு கறுப்பினக் குடும்பம் இவர்களுக்குச் சாப்பாடும் படுக்கையும் கொடுக்கிறது. பெரிய சோளக் கம்பனி அவர்களுடைய தண்ணியை நிறுத்துது. அந்தச் சண்டையே தனிப் படமாக எடுக்கக்கூடியது. ஆனால் அந்த இரவு முடிய முன்னம் குடும்பம் முழுக்கச் செத்துப்போகுது. சாகிற நேரம் தகப்பன் லோகனுக்கு நேரே துவக்கை நீட்டுகிறான். அதில் தோட்டா இல்லை. அந்தக் கோபம் நியாயமானது எண்டு படத்துக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் நிற்காமல் போய்விடுகிறது.

அதைவிட என்னை உறுத்துவது தாய்மார். இந்தக் குழந்தைகளைச் சுமந்த மெக்சிக்கோப் பெண்கள் எங்கே எண்டு ஒருவருக்கும் தெரியாது எண்டு தாதி கப்ரியேலா தன் காணொளியில் சொல்லுகிறாள். அதோடு சரி, அவர்களுக்கு ஒரு முகம்கூட இல்லை. இந்தப் படம் திரைக்கு வருவதற்குச் சில நாள் முன்னம்தான், 2017 பெப்ரவரியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடிக் கிளிநொச்சியில் தாய்மார் தெருவோரம் குந்தினார்கள். “ஒருவருக்கும் தெரியாது” எண்ட ஒரு வசனத்தோடு கடந்துபோக எங்களால் ஏலாது.

ஆனால் என் முக்கியமான விமர்சனம் முடிவைப் பற்றியது. குழந்தைகள் கனடா எல்லையை நோக்கி ஓடுகிறார்கள். லோகன் அவர்களுக்காகச் சாகிறான். லோரா புதைகுழியின் சிலுவையைச் சரித்து எக்ஸ் ஆக்குகிறாள். எங்களுக்குக் கண் கலங்குது, படமும் முடியுது. எல்லைக்கு இந்தப் பக்கமே முடிந்துவிடுகிறது. அந்தப் பக்கம் போனால் எல்லாம் சரி எண்டு படம் நம்பச் சொல்லுது.

எங்கட கதை அங்கேதான் தொடங்குகிறது. லோகன் படகு ஒன்று வாங்கக் காசு சேர்க்கிறான், உலகத்தை விட்டு ஒதுங்கியிருக்க. எங்கட ஆக்கள் படகேறியது உலகத்துக்குள் வர. வந்த பிறகு என்ன நடந்தது? பிலோயீலா குடும்பத்தை எல்லாருக்கும் தெரியும். 2018 மார்ச்சில் விடியக் காலமை வீட்டுக்குள் வந்து தூக்கினார்கள். இந்த நகரத்தின் மறுபக்கம், புரோட்மெடோஸ் தடுப்பு முகாமில் வைத்தார்கள். 2019 ஓகஸ்டில் நாடுகடத்த ஏற்றிய விமானம் நீதிமன்றத் தடையால் டார்வினில் இறங்கியது. பிறகு கிறிஸ்மஸ் தீவு. இரண்டு பிள்ளைகளும் இந்த நாட்டில் பிறந்தவர்கள், எந்த எல்லையையும் கடக்காதவர்கள். எல்லைதான் அவர்களிடம் வந்தது.

அவர்களை 2022 ஜூனில் வீட்டுக்குக் கொண்டுவந்தது நகம் நீண்ட வீரன் இல்லை. அந்தச் சின்ன ஊரின் அயலவர்கள், வழக்கறிஞர்கள், மனுவில் கையெழுத்துப் போட்ட லட்சக்கணக்கான ஆக்கள். ஆனால் அதிலும் ஒரு ஆபத்து இருக்கு. ஒரு குடும்பம் வென்றவுடன் நாங்களும் படம் முடிந்துவிட்டது எண்டு எழும்பிப் போகக்கூடாது. 2023 பெப்ரவரியில் தற்காலிக விசாவில் இருந்த ஏறத்தாழ 19,000 பேருக்கு நிரந்தர வதிவிடத்துக்கு வழி திறந்தது. விரைவு நடைமுறையில் நிராகரிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே விடப்பட்டார்கள். அவர்களில் பலர் எங்கட ஆக்கள். 2024இல் டொக்லண்ட்ஸில் உள்துறை அலுவலகத்துக்கு முன்னால் இரவு பகலாக இருந்தது அவர்கள்தான்.

படத்திலேயே இதற்கு ஒரு விதை இருக்கு, கவனித்தீர்களோ தெரியாது. மலையில் குழந்தைகள் லோகனுக்காகக் காத்திருக்கவில்லை. தாங்களாகவே வந்து சேர்ந்து, வானொலியில் அந்தப் பக்கத்தோடு தொடர்பும் எடுத்துவிட்டார்கள். மயங்கிக் கிடந்தவனைப் பராமரித்ததும் அவர்கள்தான். நித்திரையில் அவன் தாடியைக்கூடப் பழைய வுல்வரின் மாதிரி வெட்டிவிட்டார்கள்! கம்பனியின் ஆளை முடித்ததும் அவர்கள் எல்லாரும் சேர்ந்துதான். ஆனால் கமராவுக்கு லோகன்தான் வேணும்.

கடைசியாக ஒன்று. “கடைசிப் படம்” எண்டதும் நிலைக்கவில்லை. 2019இல் டிஸ்னி, ஃபொக்ஸின் படக் கம்பனியை வாங்கியது. 2024இல் ‘டெட்பூல் அண்ட் வுல்வரின்’ வந்தது. அது லோகனின் குழியைத் தோண்டி, அவன் எலும்பை ஆயுதமாக்கித்தான் தொடங்குது. லாபம் இருக்கும் வரைக்கும் செத்தவனையும் வேலைக்குக் கூப்பிடுவாங்கள்.

ஆகவே, படம் நல்லதா கூடாதா எண்டு கை தூக்கச் சொல்லிக் கேட்கப் போவதில்லை. என் கேள்வி இது: அந்தக் குழந்தைகள் எல்லையைக் கடந்த அடுத்த நாள் காலமை, விண்ணப்பப் படிவத்தோடு வரிசையில் நிற்கும்போது, பக்கத்தில் யார் நிற்கப் போகினம்? உங்களில் சிலர் டொக்லண்ட்ஸில் இரவு நிண்டிருக்கிறீங்கள். நீங்களே முதலில் பேசுங்கோ.