பெயர் ஓடி மறையும் முன்

(மகளிர் தினத்தன்று கிளப் ஹவுஸில் பேசியதன் சுருக்கம்)



ராத்திரி சீரியலில் நடிகை பெயர் நமக்குத் தெரியும். கதை எழுதியவர் பெயர் ஓடி மறைந்துவிடும். 'அர்ச்சனைப் பூக்கள்', 'பாசம்' சீரியல்களுக்குப் பின்னால் இருந்தவர் அனுராதா ரமணன். 1947-ல் பிறந்தவர், தஞ்சாவூர்க்காரர். ஓவியர் வேலை கேட்டுப் பத்திரிகைகளை அணுகினார், கிடைக்கவில்லை. 1977-ல் 'மங்கை' இதழ், எழுத்து பிடித்துப்போய் ஆசிரியர் குழுவில் சேர்த்துக்கொண்டது. 2010-ல் காலமாவதற்குள் சுமார் 800 நாவல்கள்! பேங்க் புத்தி விடுமா, கணக்குப் போட்டேன்: 33 வருடத்துக்கு மாதம் இரண்டு. கடைகளில் மாத நாவல் தொங்கிய காலம். ஓசூர் - பெங்களூர் பஸ்ஸில் அவற்றைப் படித்தவர்கள் இங்கேயே இருப்பீர்கள். எல்லாமே ஒரே தரம் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் 'சிறை'? ஆனந்த விகடனின் தங்கப் பதக்கம் பெற்ற சிறுகதை. பலாத்காரத்துக்கு ஆளான பாகீரதியைக் கணவன் கைவிடுகிறான். அவள் நேரே அந்தக் குற்றவாளியின் வீட்டுக்கே போய், இங்கேதான் இருப்பேன் என்று தங்கிவிடுகிறாள். கெடுத்தவனை மன்னிக்கும் கதை என்று சிலருக்குக் கோபம் வரலாம். எனக்கென்னவோ, கைவிட்ட கணவனைத்தான் அது கூண்டில் ஏற்றுகிறது. 1984-ல் ஆர்.சி.சக்தி அதைப் படமாக்கினார். இன்றும் 'லட்சுமி நடித்த படம்' என்றுதானே சொல்கிறோம்?

மாத நாவல்களை யாரும் பைண்டு செய்து வைப்பதில்லை. உங்கள் பரணில் அவருடைய புத்தகம் கிடந்தால் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போடாதீர்கள். கிளப் ஹவுஸ் அலமாரியில் கீழ்த்தட்டு காலியாகத்தான் இருக்கிறது.