தம்மைத் தாமே எண்ணிய மக்கள்

கோலார் தங்கவயலில் தமிழ்க் குடும்பமொன்றில் தோன்றி, தச்சுத் தொழில் கற்று, 1963-ஆம் ஆண்டில் பம்பாய் நகரை வந்தடைந்த ஓர் இளைஞரைப் பற்றி இன்று பேசப் புகுகின்றோம். ஜோக்கின் அற்புதம் என்பது அவர் பெயர். இன்று மும்பை என வழங்கும் அம்மாநகரின் கிழக்கெல்லையில், மான்கூர்துப் பகுதியில் இருந்த ஜனதா காலனியே அவருக்குப் புகலிடமாயிற்று. தமக்கென ஒரு வீடின்றி வெளியிலே படுத்துறங்கிய அவ்விளைஞர், பிற்காலத்தில் குடிசைவாழ் மக்களின் வழக்கை உலக மன்றங்களில் எடுத்துரைத்தார். 2000-ஆம் ஆண்டில் மக்சேசே விருதும் 2011-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருதும் அவரை நாடி வந்தன. ஆயினும், விருதுகளை விட்டு, அவர் கண்ட ஒரு தோல்வியைப் பற்றியும், அவர் பரப்பிய ஒரு வித்தையைப் பற்றியுமே பேச விரும்புகின்றோம்.

ஜனதா காலனியில் குப்பை மலைபோற் குவிந்து கிடந்தது. அதனை அகற்ற நகராட்சியார் வரவில்லை. மனுக்கள் எழுதிச் சலிப்பதற்கு மாறாக, அற்புதம் அவ்வூர்ச் சிறுவர் சிறுமியரைத் திரட்டினார். ஆளுக்கொரு குப்பைப் பொட்டலம். பாட்டும் கூத்துமாக உல்லாசப் பயணம் போவதுபோற் சென்ற அப்பிள்ளைகள், நகராட்சி அலுவலகத்தின் வாயிலில் பொட்டலங்களைக் குவித்துவிட்டுத் திரும்பினர். குப்பையை அள்ள வழி பிறந்தது. இச்சம்பவத்தை அவர் முதுமையிலும் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. பிள்ளைகளைத் தடிகொண்டு விரட்ட எந்த அதிகாரி துணிவார்?

ஆனால் அடுத்த போராட்டம் சிரிப்புக்கு இடந்தரவில்லை. நகராட்சியே முன்னர் வேறிடங்களிலிருந்து மக்களைப் பெயர்த்துக் கொணர்ந்து குடியேற்றிய காலனி அது. அதன் அருகில் டிராம்பேயில் அணு ஆராய்ச்சி நிலையம் வளர்ந்தது. அத்துறைக்கு அந்நிலம் வேண்டியிருந்தது. மக்கள் பல்லாண்டுகள் வழக்காடினர். அற்புதம் தில்லி சென்று பாராளுமன்றத்தின் முன்னே அமர்ந்தார். பலமுறை சிறை புகுந்தார். எதுவும் பயன்படவில்லை. நெருக்கடி நிலை நிலவிய 1976-ஆம் ஆண்டு மே மாதத்தில், ஏறத்தாழ 70,000 பேர் வாழ்ந்த அக்காலனி தரைமட்டமாயிற்று. மக்கள் சீட்டா கேம்ப் எனப்படும் சதுப்பு நிலத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தமிழர் மிகுதியாக வாழும் குடியிருப்பாக அது இன்றும் இருக்கின்றது.

அதே ஆண்டு ஜனவரியில் மகாராஷ்டிர அரசு பம்பாயின் குடிசைகளைக் கணக்கெடுத்துப் புகைப்பட அட்டைகள் வழங்கியிருந்தது. ஏட்டில் ஏறியவர்க்கு மாற்றிடம் கேட்க ஒரு பிடி கிடைத்தது. ஏறாதவர்க்கு அதுவும் இல்லை. நடைபாதையில் வாழ்ந்தோர் அக்கணக்கில் சேரவேயில்லை. ஓர் அரசுக்கு மக்கள் கண்ணிற் படுவது ஏட்டின் வழியாகவே என்னும் உண்மையை அற்புதம் நன்குணர்ந்தார் எனக் கொள்கின்றோம். ஏட்டை அரசு எழுதும் வரையிற் காத்திருப்பானேன்? மக்களே எழுதலாமே!

1970-களின் நடுவில் அவர் முன்னின்று அமைத்த தேசியக் குடிசைவாழ்வோர் சம்மேளனம், பின்னர் 1984-இல் தோன்றிய ஸ்பார்க் என்னும் நிறுவனத்தோடும், மகிளா மிலன் என்னும் பெண்கள் அமைப்போடும் இணைந்து இவ்வித்தையைப் பரப்பியது. செய்முறை எளியது. சந்து சந்தாகச் சென்று ஒவ்வொரு கதவிலும் சுண்ணக்கட்டியால் எண் இடுவர். வீட்டில் எத்தனை பேர், எந்த ஆண்டு வந்தனர், என்ன தொழில், தண்ணீர்க் குழாய் எவ்வளவு தூரம் என்று கேட்டெழுதுவர். எழுதப் படிக்கத் தெரியாத பெண்களும் இப்பணியில் முன்னின்றனர். கட்டப்போகும் வீட்டின் நீள அகலத்தைச் சேலையால் அளந்து பார்த்தனர். சில்லறைக் காசுகளை வீடு வீடாகச் சென்று சேமிப்பாகத் திரட்டியவரும் அவர்களே. கணக்கெடுப்பு முடிவதற்குள், அதுவரை பேசிப் பழகாத அண்டை வீட்டார் ஒருவரையொருவர் அறிந்துகொண்டனர். எண்களைக் காட்டிலும் இதுவே பெரிய ஆதாயம் என்று நாம் கருதுகின்றோம்.

பம்பாயில் இரயில் பாதையோரம் வாழ்ந்த பல்லாயிரம் குடும்பங்கள் இடம் மாறியபோது இக்கணக்கே கைகொடுத்தது. பட்டியலைத் தாமே ஆயத்தம் செய்தமையால், பலர் தம் குடிசைகளைத் தாமே பிரித்துக்கொண்டு புதிய இடம் சென்றனர். புதிய அடுக்குமாடிகள் தொழிலிடங்களுக்குத் தொலைவாயின, இடையூறுகளும் மிகுந்தன. ஒருகாலத்தில் அதிகாரிகளை எதிர்த்து நின்றவர் அவர்களோடு ஒரே மேசையில் அமர்ந்து பேரம் பேசலாமா என்று வினவினாரும் உண்டு. அவ்வினா வீணானதன்று. ஆயினும், புல்டோசரின் முன்னே நின்று ஒரு முழு ஊரையும் இழந்த மனிதர், அடுத்த ஊரைக் காக்க வேறு வழி தேடியதை நம்மால் குறை கூற இயலவில்லை.

1991-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்கா சென்ற அவர், அங்குள்ள தகரக் கொட்டகைவாசிகளிடமும் இதனையே வலியுறுத்தினார். 1996-இல் பல நாட்டுக் குடிசைவாழ்வோர் கூடி ஒரு சர்வதேசச் சம்மேளனம் கண்டனர். அதன் தலைமை அற்புதத்திடம் வந்தது. 2018-ஆம் ஆண்டு அக்டோபர் 13-ஆம் நாள் அவர் மறைந்தார். அதற்குள் ஆசிய, ஆப்பிரிக்க நகரங்கள் பலவற்றில், குடிசைக் கதவுகளின்மேல் அங்கு வாழ்ந்தோரே எண்களை எழுதத் தொடங்கியிருந்தனர்.