சுடுகாடும் இடுகாடும்

(தொடர்கல்வி மையத்தில் ஒருவர் படிக்க, மற்றவர் கேட்பதற்கான பேச்சு)



இன்றைய பேச்சு சாவைப் பற்றியது. "விளக்கு வைக்கிற நேரத்தில் இது என்ன பேச்சு?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் சாவு இல்லாத வீடு இல்லை. ஒருவர் இறந்தபின் அந்த உடலுக்கு என்ன நடக்கிறது? எரித்தால் என்ன ஆகிறது? புதைத்தால் என்ன ஆகிறது? தெரிந்துகொண்டால் பயம் குறையும். ஏமாறுவதும் குறையும்.

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. பிணத்தைச் சுடும் இடம் சுடுகாடு. பிணத்தை இட்டு மூடும் இடம் இடுகாடு. தெலுங்கில் எரிப்பதைத் தகனம் என்பார்கள், புதைப்பதைக் கனனம் என்பார்கள். இரண்டு மொழியும் பேசும் சித்தூர், திருப்பதிப் பக்கத்தில் இரண்டு வழக்கமும் உண்டு. ஒரே ஊரில் ஒரு தெருக்காரர் எரிப்பார், அடுத்த தெருக்காரர் புதைப்பார். ஒரே குடும்பத்திலும் பெரியவர் இறந்தால் எரிப்பார்கள், பால்குடிக் குழந்தை இறந்தால் புதைப்பார்கள்.

எது பழையது?

இரண்டுமே மிகப் பழையவை. சித்தூர் மாவட்டத்து இரளபண்டாவில் பெரிய பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய பழங்காலக் கல்லறைகள் உள்ளன. இப்படிப்பட்ட கல்லறைகளை மக்கள் பாண்டவர் கட்டியவை என்று சொல்வதுண்டு. உண்மையில் அவை இரும்பைப் பயன்படுத்தத் தொடங்கிய காலத்து மனிதர்கள் தங்கள் இறந்தோருக்காகக் கட்டியவை. தமிழ்நாட்டில் ஆதிச்சநல்லூரிலும் கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையிலும் பெரிய தாழிகளுக்குள் எலும்புகள் கிடைத்துள்ளன. அவை முதுமக்கள் தாழிகள்.

ஆகவே "புதைப்பது அடுத்த மதத்துக்காரர் கொண்டுவந்த பழக்கம்" என்று யாராவது சொன்னால் அது சரியில்லை. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் புதைக்கிறார்கள். லிங்காயத்துகள் உட்கார்ந்த நிலையில் புதைக்கிறார்கள். துறவிகளைச் சமாதி வைக்கிறார்கள். அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி ஆகிய நான்கு முதலமைச்சர்களும் சென்னைக் கடற்கரையில் புதைக்கப்பட்டவர்கள்தான். மறுபக்கம், புதைப்பதை மட்டுமே பல நூற்றாண்டுகள் பழகிய ஐரோப்பாவில் இன்று பல நாடுகளில் எரிப்பதே அதிகம். கத்தோலிக்கத் திருச்சபையும் 1963-ல் எரிப்பதற்கு இருந்த தடையைத் தளர்த்தியது.

ஐரோப்பாவில் இது எப்படித் தொடங்கியது? 1870-ல் நம் நாட்டுக் கோலாப்பூர் அரசர் இத்தாலியில் புளோரன்ஸ் நகரத்தில் இறந்துபோனார். அவரை அங்கேயே ஆற்றங்கரையில் சிதை அடுக்கி எரித்தார்கள். ஊரே வேடிக்கை பார்த்தது. 1873-ல் இத்தாலியப் பேராசிரியர் புருனெட்டி, பிணம் எரிக்கும் உலை ஒன்றை வியன்னா கண்காட்சியில் வைத்தார். இங்கிலாந்தில் 1885-ல் வோக்கிங் என்ற ஊரில் உலையில் எரிப்பது தொடங்கியது. இன்று நம் நகரங்களில் உள்ள மின்மயானத்துக்கும் எரிவாயு மயானத்துக்கும் அதுதான் முன்னோடி.

சிதை எப்படி எரிகிறது?

மனித உடலில் பாதிக்கு மேல் தண்ணீர். 60 கிலோ எடையுள்ள ஒருவர் உடலில் சுமார் 35 லிட்டர் தண்ணீர் இருக்கும். அதாவது இரண்டு குடத்துக்கு மேல். ஈர விறகு சீக்கிரம் பற்றாது. உடலும் அப்படித்தான். முதலில் அந்தத் தண்ணீர் ஆவியாக வேண்டும். விறகின் சூட்டில் ஒரு பகுதி இதற்குப் போகிறது.

தண்ணீர் வற்றியதும் உடலில் உள்ள கொழுப்பு உருகிப் பற்றுகிறது. அதன்பின் கொழுப்பே எண்ணெய்போல் எரிந்து நெருப்புக்கு உதவுகிறது. தசை எரிகிறது. கடைசியில் எலும்பு மிஞ்சுகிறது. எலும்பு முழுவதும் எரியாது. அதில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் அப்படியே நிற்கும். வெளுத்து, தொட்டால் நொறுங்கும். சாம்பல் என்று சொல்லி ஆற்றில் கரைப்பது பெரும்பாலும் இந்த எலும்புத் தூளைத்தான். பெரியவர் ஒருவருக்கு 2 முதல் 3 கிலோ வரை இருக்கும்.

திறந்த சிதைக்கு 400 முதல் 500 கிலோ விறகு பிடிக்கும். ஏன் அவ்வளவு? திறந்த வெளியில் சூடு நாலாபக்கமும் போய்விடுகிறது. இதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். அதனால்தான் வரட்டி அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மேலே மண்ணைக் குழைத்துப் பூசி மூட்டம் போடுகிறார்கள். காற்றுப் போக ஓட்டை விடுகிறார்கள். சூடு உள்ளேயே நிற்கும். விறகு குறையும். இரவெல்லாம் மெதுவாக எரிந்து காலையில் சாம்பலாகும். இதற்கு அனுபவம் வேண்டும். மயானத்தில் வேலை செய்பவர் படிக்காதவராக இருக்கலாம். ஆனால் நெருப்பின் கணக்கு அவர் கையில் இருக்கிறது.

உலையில் எரிப்பதும் இதே கணக்குதான். நாலு பக்கமும் சூடு தாங்கும் செங்கல் சுவர். உள்ளே 800 முதல் 1000 டிகிரி வரை சூடு. ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரத்தில் வேலை முடியும். உடலில் இதயக் கருவி பொருத்தியிருந்தால் முன்பே ஊழியரிடம் சொல்ல வேண்டும். அதன் பேட்டரி சூட்டில் வெடிக்கும். அதை முதலில் எடுத்துவிட வேண்டும்.

விறகா, உலையா என்று இரண்டு மட்டுமே இல்லை. இடையில் ஒரு வழியும் உண்டு. 1992-ல் டெல்லியில் தொடங்கிய மோட்சதா என்ற அமைப்பு, இரும்பு மேடையும் மேலே புகைபோக்கியும் உள்ள சிதையை உருவாக்கியது. அதில் 150 முதல் 200 கிலோ விறகு போதும். கொள்ளி வைப்பது முதலான சடங்குகளையும் வழக்கம்போல் செய்யலாம்.

பிணம் எழுந்து உட்காருமா?

"எரியும்போது பிணம் எழுந்து உட்காரும். வெட்டியான் தடியால் அடித்துப் படுக்க வைப்பார்" என்று சிறு வயதில் கேட்டுப் பயப்படாதவர் குறைவு. உண்மை என்ன? சூடு பட்டால் தசை சுருங்கும். பச்சைத் தோல் நெருப்பில் சுருங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கை கால்களை மடக்கும் தசைகள் வலுவானவை. அவை சுருங்கும்போது முழங்கை மடங்கும், முழங்கால் தூக்கும். அது உயிரும் இல்லை, ஆவியும் இல்லை. உடலின் மேல் கனமான கட்டை வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

புதைத்தால் என்ன ஆகிறது?

மண்ணில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் உள்ளன. உடலின் குடலிலும் உள்ளன. இவை உடலை மெதுவாகச் சிதைக்கின்றன. எருக்குழியில் சாணமும் இலையும் மக்குவதுபோலத்தான். பெட்டி இல்லாமல் நேராக மண்ணில் வைத்தால் சில ஆண்டுகளில் எலும்பு மட்டும் மிஞ்சும். பெட்டியில் வைத்தால் இன்னும் நாளாகும். நெருப்பு சில மணி நேரத்தில் செய்வதை மண் சில ஆண்டுகளில் செய்கிறது.

குழி ஆழமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நரியும் நாயும் தோண்டும். ஆனால் நிலத்தடி நீரைத் தொடும் அளவுக்குப் போகக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் 1998-ஆம் ஆண்டு அறிக்கை ஒன்று, குடிநீர்க் கிணற்றுக்கும் புதைகுழிக்கும் 250 மீட்டராவது தூரம் வேண்டும் என்றது. ஊரில் புதிதாக ஆழ்துளைக் கிணறு போடும்போது இதை ஞாபகப்படுத்துங்கள்.

எது நல்லது?

புதைப்பதற்கு விறகு வேண்டாம், புகை இல்லை, செலவு குறைவு. ஆனால் இடம் வேண்டும். நகரத்தில் இடம் எங்கே? எரிப்பதற்கு இடம் குறைவு. ஆனால் விறகுக்கு மரம் வேண்டும், புகையும் வரும். மின்சார உலையில் விறகு மிச்சம். ஆனால் மின்சாரம் நின்றால் வேலை நிற்கும். எரிவாயு உலையில் விறகும் மிச்சம், நேரமும் மிச்சம். ஆனால் பராமரிப்பு வேண்டும். பாதி எரிந்த உடல்கள் ஆற்றில் விடப்படுவதைத் தடுக்கத்தான் 1986-ல் தொடங்கிய கங்கைத் திட்டத்தில் மின்மயானங்கள் கட்டப்பட்டன. சுவர்ணமுகி ஆனாலும் சரி, நீவா ஆனாலும் சரி, சாம்பலைக் கரைக்கும்போது பிளாஸ்டிக் பையையும் பழைய துணியையும் ஆற்றில் போடாமல் இருப்பது நம் கையில் உள்ளது.

இன்னொரு பெரிய வேறுபாடு உண்டு. புதைத்த உடலைத் தேவைப்பட்டால் அதிகாரிகள் தோண்டி எடுத்துப் பரிசோதிக்கலாம். எரித்துவிட்டால் சாட்சி போயிற்று. ஒரு பெண் புகுந்த வீட்டில் திடீரென்று இறக்கிறாள். தாய் வீட்டுக்குச் சொல்லி அனுப்பும் முன்பே சிதைக்கு ஏற்பாடு நடக்கிறது. அந்த அவசரம் எதற்கு? திருமணமாகி 7 ஆண்டுகளுக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டாலோ, சந்தேகமான முறையில் இறந்தாலோ, போலீசுக்குச் சொல்ல வேண்டும். உடல் பரிசோதனை நடக்க வேண்டும். இது சட்டம். ஊரார் துணிந்து "கொஞ்சம் பொறுங்கள்" என்று சொன்னால் ஒரு குற்றம் சாம்பலாகாமல் இருக்கும்.

தொற்று வந்தபோது

2020-ல் கொரோனா வந்தது. இறந்தவர் உடலைத் தொட எல்லோரும் பயந்தார்கள். எரித்தாலும் புதைத்தாலும் பாதுகாப்பாகச் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஆனால் இலங்கையில் அரசு அந்த ஆண்டு ஏப்ரலில் எல்லா உடல்களையும் எரிக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. புதைப்பதையே மார்க்கமாகக் கொண்ட முஸ்லிம் குடும்பங்கள் கதறின. கைக்குழந்தையின் உடலும் எரிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில்தான் கட்டளை மாறியது. பிறகு மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் புதைக்க அனுமதித்தார்கள். 2024-ல் இலங்கை அமைச்சரவை இதற்கு மன்னிப்புக் கேட்டது.

அதே காலத்தில் திருப்பதியில் நடந்தது வேறு. உறவினர் வராத உடல்களை முஸ்லிம் இளைஞர்கள் குழு ஒன்று சுமந்தது. இறந்தவர் எந்த மதமோ அந்த மதத்தின் முறைப்படி இறுதிக் காரியம் செய்தது. மக்கள் பயத்தைப் போக்க அன்றைய சட்டமன்ற உறுப்பினர் பூமன கருணாகர் ரெட்டி, பாதுகாப்பு உடை அணிந்து இறுதிக் காரியத்தில் நேரில் கலந்துகொண்டார். எரிப்பதா புதைப்பதா என்பதை விட, மனிதரை மனிதர் கைவிடாததே பெரிது என்று அந்த இளைஞர்கள் காட்டினார்கள்.

மயானத்துக்கு வழி

செத்த பிறகு எல்லோரும் சமம் என்பார்கள். அப்படியா நடக்கிறது? சித்தூருக்கு அதிகத் தூரமில்லாத வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் 2019 ஆகஸ்டில் என்ன நடந்தது? தாழ்த்தப்பட்ட மக்கள் தங்கள் பிணத்தை எடுத்துச் செல்ல வயல் வழியில் விடவில்லை. பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து பாடையைக் கயிறு கட்டி இறக்கினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அதைத் தானாகவே வழக்காக எடுத்து விசாரித்தது. இறந்தவர் உடலுக்கும் மரியாதை உண்டு என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மண்ணும் நெருப்பும் சாதி கேட்பதில்லை. ஊர் ஏன் கேட்க வேண்டும்? உங்கள் ஊர் மயானத்துக்கு எல்லாத் தெருவுக்கும் வழி இருக்கிறதா? தண்ணீர், கொட்டகை, விளக்கு இருக்கிறதா? இல்லையென்றால் கையெழுத்துப் போடத் தெரிந்த எல்லோரும் சேர்ந்து மனு எழுதுங்கள். கற்ற எழுத்து அதற்கும்தான்.

மறக்கக் கூடாதவை

எரித்தாலும் புதைத்தாலும் இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்யுங்கள். ஊராட்சியிலோ நகராட்சியிலோ செய்யலாம். 1969-ஆம் ஆண்டுச் சட்டம் அது. இறப்புச் சான்று இல்லாமல் விதவை ஓய்வூதியம், காப்பீட்டுப் பணம், பட்டா மாற்றம் எதற்கும் அலைய வேண்டியிருக்கும்.

கண் தானம் செய்ய நினைத்தால் இறந்த 6 மணி நேரத்துக்குள் கண் வங்கிக்குச் சொல்லுங்கள். இமையை மூடி, ஈரப்பஞ்சு வையுங்கள். உடலையே தானம் செய்பவர்களும் உண்டு. 1960-ல் தொடங்கிய திருப்பதி ஸ்ரீ வெங்கடேசுவரா மருத்துவக் கல்லூரி போன்ற கல்லூரிகளில் மாணவர்கள் உடற்கூறு படிப்பது அப்படிப்பட்டவர்களால்தான்.

தனக்கு எது வேண்டும் என்பதைப் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே வீட்டில் சொல்லி வைப்பது நல்லது. அது கெட்ட பேச்சு இல்லை. பிள்ளைகளுக்குள் பின்னால் வரும் சண்டையைத் தடுக்கும் பேச்சு.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் ஊரில் எரிக்கிறார்களா, புதைக்கிறார்களா? ஏன்?
2. மூட்டம் போட்டால் விறகு ஏன் குறைகிறது?
3. மயானத்துக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம்? அடி வைத்து அளந்து பாருங்கள்.
4. சென்ற ஆண்டு உங்கள் தெருவில் நடந்த இறப்புகளில் எத்தனை பதிவாகியுள்ளன?