ராட்சதப் பல்லிகளும் புராண யுகங்களும்

(பகுத்தறிவுப் பிரசாரக் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவின் சாரம்)



சாமியைப் பற்றியும் சடங்கைப் பற்றியும் பேசுவோம் என்று நீங்கள் எதிர்பார்த்து வந்திருக்கலாம். இன்று நாம் பேசப்போவது சில கற்களைப் பற்றி. ஆனால் பேச்சு முடிவதற்குள் சாமியும் சடங்கும் தாமாகவே வந்து சேரும்.

சமீபத்தில் நாம் ஆமதாபாத்துக்குப் போயிருந்தோம். அங்கிருந்து ஒரு நாள் காலையில் புறப்பட்டு, ஏறக்குறைய 55 மைல் தூரத்திலுள்ள பாலாசினோர் என்னும் ஊருக்கும், அதையடுத்த ராயோலி கிராமத்துக்கும் போய்விட்டு இரவு திரும்பினோம். பாலாசினோர் முன்பு ஒரு சிறு நவாப் சமஸ்தானம். 1980-களின் துவக்கத்தில் இந்திய நிலவியல் ஆய்வு இலாகாவினர் ராயோலியின் சுண்ணாம்புப் பாறைகளைச் சோதித்தபோது, டைனோசர் என்னும் பிராணிகளின் எலும்புகளையும் முட்டைகளையும் கண்டார்கள். எல்லாம் கல்லாகிக் கிடந்தன. அந்த இடத்தை இப்போது காப்பாற்றி வருவதோடு, 2019-ல் ஒரு காட்சிசாலையும் திறந்திருக்கிறார்கள்.

டைனோசர் என்றால் பயங்கரப் பல்லி என்று பொருள். பெயர்தான் பல்லியே தவிர, இன்றைக்கு அதற்கு நெருங்கிய வாரிசு நம் வீட்டுக் கோழியும் மற்றப் பறவைகளுமேயாகும். ராயோலியில் கிடைத்த ஒன்றுக்கு ராஜாசோரஸ் என்று பெயர். மாமிசம் தின்பது, தலையில் ஒரு கொம்பு, 20 அடிக்கு மேல் நீளம். அதன் எலும்புகளைத் தோண்டி எடுத்தது 1982 முதல் 1984 வரையில். அதற்குப் பெயர் வைத்தது 2003-ல். இடையே ஏறக்குறைய 20 வருஷம் எலும்பைச் சுத்தம் செய்வதும், அளப்பதும், ஒப்பிடுவதுமாகப் போயிருக்கிறது. ஒரே இராத்திரிக் காலட்சேபத்தில் பதினான்கு லோகத்தையும் அளந்து கொடுத்துவிடுகிற நம் பவுராணிகர்களுக்கு இந்தப் பொறுமை ஆச்சரியமாகத்தான் இருக்கும்.

எலும்பும் முட்டையும் கல்லாவதில் மாயமொன்றுமில்லை. செத்த பிராணியையோ இட்ட முட்டையையோ சேறும் மணலும் மூடிவிடுகின்றன. அவற்றினூடே கசியும் தண்ணீரில் கரைந்துள்ள சுண்ணாம்பு முதலிய சத்துக்கள் சிறுகச் சிறுக உள்ளே படிந்து இறுகுகின்றன. உருவம் அப்படியே நின்று, பொருள் கல்லாகிவிடுகிறது.

ஆமதாபாத்தில் வெகுநாளாக வியாபாரம் செய்துவரும் தமிழ்ப் பெரியவர் ஒருவரும் நம்முடன் வந்தார். நல்லவர்; பக்திமான். கல்லாய்க் கிடந்த முட்டைகளை வெகுநேரம் பார்த்துவிட்டு, “ஐயா, இது எந்த யுகத்தில் நடந்தது?” என்று கேட்டார்.

“நாலு யுகத்துக்கும் சேர்த்து உங்கள் சாஸ்திரக் கணக்கு எத்தனை வருஷம்?” என்றோம்.

“43 லட்சத்து 20 ஆயிரம்” என்று தடையில்லாமல் சொன்னார்.

“இந்த முட்டைக்கு வயது 6 கோடியே 60 லட்சத்துக்குக் குறையாது. உங்கள் நாலு யுகமும் 15 தடவை வந்து போயிருக்க வேண்டும்” என்றோம்.

அவர் விடவில்லை. “பிரம்மாவின் ஒரு பகலுக்கு 432 கோடி வருஷம் என்றும் நம் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்களே! வெள்ளைக்காரன் இப்போது சொல்லுவதை அவர்கள் அப்போதே சொல்லவில்லையா?” என்றார்.

தோழர்களே! இந்தக் கேள்வியை நீங்களும் எங்கும் கேட்பீர்கள். ஆதலால் பதிலைக் கவனியுங்கள். பெரிய எண்ணைச் சொல்லுவது அறிவாகாது. அந்த எண் எப்படிக் கிடைத்தது என்று காட்டுவதே அறிவாகும். இந்த முட்டைகள் கிடக்கும் பாறை வகைக்கு லமேட்டா என்று பெயர். குஜராத்திலிருந்து நருமதை நெடுக ஜபல்பூர் வரை இது உண்டு. அநேக இடங்களில் இதன் மேல், எரிமலைக் குழம்பு ஆறிப்போன கரும்பாறை மூடியிருக்கிறது. அதிலுள்ள ஒருவகைப் பொட்டாசியம் எப்போதும் சிறுகச் சிறுக மாறிக்கொண்டே இருக்கிறது; அதில் ஒரு பங்கு ஆர்கான் என்னும் வாயுவாகிறது; குழம்பு ஆறி இறுகிய பிறகு அந்த வாயு வெளியேறாமல் பாறைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அந்தப் பொட்டாசியத்தில் பாதி குறைவதற்கு 125 கோடி வருஷம் ஆகும். அந்த வேகம் மாறுவதில்லை. ஆகவே எவ்வளவு மாறியிருக்கிறதென்று அளந்தால் பாறையின் வயது தெரிந்துவிடும். இந்தக் கணக்கைச் சென்னையிலும் போடலாம், சீனாவிலும் போடலாம், நம்பாதவனும் போட்டுப் பார்க்கலாம். பிரம்மாவின் பகலை அளந்த கடிகாரம் எங்கே? யார் அளந்தார்? அந்தக் கணக்கையே எடுத்துக்கொண்டாலும், திரேதா யுகம் முடிந்தே 8 லட்சம் வருஷத்துக்கு மேலாகிறது. நம்மைப்போன்ற மனித இனத்துக்குக் கிடைத்துள்ள மிகப்பழைய எலும்புகளோ சுமார் 3 லட்சம் வருஷத்துக்கு உட்பட்டவை. அப்படியானால் திரேதா யுகத்தில் அரண்மனை கட்டி அரசாண்டவர்கள் யார்?

ஆராய்ச்சிக்காரர்கள் மட்டும் தவறே செய்யாதவர்களா என்று கேட்கலாம். செய்கிறார்கள். 1984-ல் அந்தப் பக்கத்திலேயே தோலி துங்ரி என்னுமிடத்தில் தனஞ்சய் மொஹபே என்ற ஆராய்ச்சிக்காரர் ஒரு டைனோசர் கூட்டைத் தோண்டி எடுத்தார். முட்டைகளின் பக்கத்தில் கிடந்த சிறு எலும்புகள் டைனோசர் குஞ்சினுடையவை என்று எழுதினார். 2001-ல் ஜெஃப் வில்சன் என்ற அமெரிக்கர் அதைப் பார்த்து, இவற்றில் பாம்பின் முதுகெலும்பும் இருக்கிறதே என்றார். மறுபடியும் சோதித்தார்கள். ஆம்! 11 அடிக்கு மேற்பட்ட ஒரு பாம்பு, குஞ்சைத் தின்ன வந்து, உடைந்த முட்டையைச் சுற்றிச் சுருண்டபடியே சேற்றில் மூடுண்டு கல்லாயிருந்தது. 2010-ல் இச்செய்தியை வெளியிட்டபோது மொஹபேயும் தம் பெயரைச் சேர்த்தே வெளியிட்டார். தமது பழைய அபிப்பிராயம் தவறு என்பதில் அவருக்கு மானக்கேடு ஒன்றும் தோன்றவில்லை. எந்த ஸ்மிருதியாவது, எந்தப் புராணமாவது, “முன்பு சொன்னது தவறு, திருத்திக் கொள்ளுகிறோம்” என்று சொன்னதுண்டா? இந்த ஒரு குணமே பகுத்தறிவுக்கும் மதத்துக்கும் உள்ள வித்தியாசமாகும்.

இனி மற்றொரு சங்கதி. மத்தியப் பிரதேசத்தில் தார் ஜில்லாவில் பாட்லியா என்று ஒரு கிராமம். அங்கே குடியானவர்கள் உருண்டைக் கற்களைக் காகர் பைரவன் என்று பெயரிட்டு, நிலத்தையும் மாட்டையும் காக்கும் குலதெய்வமாகத் தலைமுறை தலைமுறையாய்க் கும்பிட்டு வந்தார்கள். 2023-ல் லக்னோவிலுள்ள பீர்பல் சாஹ்னி ஆராய்ச்சி நிலையத்தார் பார்த்து, அவை டைனோசர் முட்டைகள் என்று சொன்னார்கள். அதே ஜில்லாவில் 92 கூடுகளும் 256 முட்டைகளும் இருப்பதாக அதே வருஷம் மற்றோர் ஆராய்ச்சியும் வெளியாயிற்று.

அந்தக் குடியானவர்களை நாம் பரிகசிக்கவில்லை. அவர்களுக்குப் பள்ளிக்கூடத்தை மறுத்தவர்களைத்தான் குறை கூறுகிறோம். “கும்பிட்டதால்தானே கல் பத்திரமாயிருந்தது” என்பார்கள். கல் பத்திரமாயிருந்தது மெய். அது என்ன என்று கேட்கும் எண்ணம் செத்துக் கிடந்ததே! பாலாசினோர்ப் பக்கத்தில் ஓர் அம்மாள் இப்படிப்பட்ட முட்டையை மசாலா அரைக்க வைத்திருந்தாராம். பைரவனைவிட அது மேல், சோற்றுக்காவது உதவிற்று.

வடக்கே பார்த்துச் சிரித்துவிட்டுப் போகவேண்டாம். 2020-ல் நம் பெரம்பலூர் ஜில்லா குன்னத்தில் உருண்டைக் கற்கள் அகப்பட்டன. உடனே டைனோசர் முட்டை என்று ஊரெல்லாம் வதந்தி. நிபுணர்கள் பார்த்து, முட்டையல்ல, பழைய கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டுப் பிராணியைச் சுற்றிப் படிந்த கல் என்றார்கள். விஞ்ஞானத்தின் பெயரைச் சொன்னாலும் வதந்தி வதந்திதான். நம்மவர்களும் விசாரித்தே நம்பவேண்டும்.

அந்த அம்மோனைட் இனந்தான் நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கல்லாய்க் கிடைக்கிறது. அதற்கு வைத்த பெயர் சாளக்கிராமம். அதுவே சாட்சாத் விஷ்ணு! பெண்களும், சூத்திரர் என்று ஒதுக்கப்பட்டவர்களும் அதைத் தொடக்கூடாதென்று தடுத்தவர்கள் உண்டு. ஒரு செத்த கடற்பிராணியின் ஓட்டுக்குத் தீட்டுப் படுமாம், உயிருள்ள தாயின் கை பட்டால்! ராயோலிக் காட்சிசாலையில் நுழைவுச் சீட்டுக் கொடுத்தவர் நம்மிடம் காசு கேட்டார், ஜாதி கேட்கவில்லை.

தோழர்களே! கல்லைக் கடவுள் என்று சொல்லிக் கொடுத்த அதே வாய்தான், ஒருவன் முகத்தில் பிறந்தான், ஒருவன் காலில் பிறந்தான் என்றும் சொல்லிக் கொடுத்தது. கோடிக்கணக்கான வருஷத்துப் பாறைகளைப் புரட்டிவிட்டார்கள். பல்லி வந்த வழி தெரிகிறது. பறவை வந்த வழி தெரிகிறது. மனிதர் எல்லோரும் ஒரே இனமாய் வந்த வழியும் தெரிகிறது. முகத்தில் பிறந்தவனின் எலும்பு என்று தனியாக ஒன்றும் எங்கும் அகப்படவில்லை.

நாம் சொன்னதாலேயே இதையும் நம்பிவிடாதீர்கள். பெரம்பலூருக்குப் பக்கத்தில் சாத்தனூரில் ஏறக்குறைய 60 அடி நீளமுள்ள அடிமரம் கல்லாய்க் கிடக்கிறது. 1940-ல் எம்.எஸ். கிருஷ்ணன் என்ற நிலவியல் அறிஞர் கண்டறிந்தது. ஒரு திருவிழாச் செலவை மிச்சம் பிடித்து உங்கள் பிள்ளைகளை, முக்கியமாய்ப் பெண் பிள்ளைகளை, அங்கே அழைத்துப் போங்கள். கண்டதையெல்லாம் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். அதட்டி வாயை மட்டும் மூடாதீர்கள்.

அன்று இரவு திரும்பும்போது அந்தப் பெரியவர் வெகுநேரம் பேசாமலே வந்தார். கடைசியில், “அடுத்த தடவை என் பேத்தியை அழைத்து வருகிறேன்” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே போய்வந்த செலவு தகும்.