புதிதாக வண்டி ஓட்டுவோருக்கு முழுக் காப்பு வேண்டுமா?

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



ஒரு தலைமுறைக்கு முன்னர் நம் கிராமங்களில் மோட்டார் சைக்கிள் என்பது ஒரு சிலருடைய வீட்டு வாசலில் மட்டுமே காணப்பட்ட பொருளாகும். இன்று சங்கத்துக்குப் பால் கொண்டு செல்வதும், உர மூட்டை ஏற்றி வருவதும், பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும் இரு சக்கர வண்டியே. மாட்டு வண்டி செய்துவந்த வேலையில் பெரும்பகுதியை அது ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆண்டுதோறும் நம் இளைஞர்களும் பெண்களும் புதிதாக வண்டி ஓட்டக் கற்றுக்கொள்கின்றனர். இது வரவேற்கத்தக்க முன்னேற்றமே. ஆனால், இவ்வாறு புதிதாக ஓட்டுவோர் முழுக் காப்பு அணிய வேண்டுமா, அன்றித் தலைக்கவசம் மட்டும் போதுமா, வயல்வரை போய்வர அதுவுந்தான் எதற்கு என்னும் கேள்விகள் ஊர்தோறும் எழுகின்றன. இவற்றையே இன்று உங்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

முழுக் காப்பு என்பது யாது? தலைக்குக் கவசம், கைகளுக்கு உறை, உடலுக்கு முழுக்கைக் கெட்டிச் சட்டை அல்லது அதற்கென்றே செய்த ஜாக்கெட், கால்களுக்குக் கனத்த துணியாலான காற்சட்டை, பாதங்களுக்குக் கணுக்காலை மூடும் பூட்ஸ் ஆகிய இவ்வைந்துமே முழுக் காப்பாகும். நமது நாட்டுச் சட்டம் இவற்றுள் முதலாவதை மட்டுமே கட்டாயமாக்கியுள்ளது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 129-ஆம் பிரிவு, ஓட்டுபவரும் பின்னால் அமர்ந்து செல்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்கிறது. 2019-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கும் இது பொருந்தும். தலைப்பாகை அணியும் சீக்கியர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. நாம் வெயிலுக்குச் சுற்றிக்கொள்ளும் துண்டுக்கு அவ்விலக்கு இல்லை. மற்ற நான்கையும் அணிவது அவரவர் அறிவுக்கே விடப்பட்டுள்ளது. ஆகவேதான் இதைக் குறித்து நாம் சிந்திக்க வேண்டியுள்ளது.

முதலில் தலையைப் பற்றிக் கூறுகிறேன். முதல் உலகப் போரில் புகழ் பெற்ற ஆங்கிலேயரான லாரன்ஸ் என்பவர், 1935-ஆம் ஆண்டு மே மாதத்தில், சைக்கிளில் வந்த இரு சிறுவர்கள்மீது மோதாதிருக்கத் தம் மோட்டார் சைக்கிளைத் திருப்பி வீழ்ந்தார். தலையில் அடிபட்டு ஆறு நாட்களில் மாண்டார். அவருக்குச் சிகிச்சை செய்தவர்களுள் ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை அறுவை மருத்துவரும் ஒருவர். இவ்வாறு வீணாகும் உயிர்களைக் காக்க வழியில்லையா என்று அவர் ஆராயத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரின்போது மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டு சென்ற படைவீரர்களின் தலைக் காயங்களை ஆராய்ந்து, 1941-இல் கட்டுரை வெளியிட்டார். அவ்வாண்டு நவம்பரில் பிரிட்டிஷ் தரைப்படை அவ்வீரர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. பின்னாளில் பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கிய அறிஞர்கள், தலைக்கவசம் அணிவதனால் விபத்தில் இறக்கும் அபாயம் நூற்றுக்கு 42 பங்கும், தலையில் காயமுறும் அபாயம் நூற்றுக்கு 69 பங்கும் குறைகின்றன என்று 2008-இல் கண்டனர்.

நமது நாட்டின் கணக்கையும் பார்ப்போம். மத்திய அரசு வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களுள் இரு சக்கர வண்டிகளில் சென்றவர்கள் 74,897 பேர். தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் பின்னால் அமர்ந்து சென்றவர்கள் மட்டும் 14,337 பேர். கவசம் அணிந்திருந்தால் இவர்கள் அனைவரும் பிழைத்திருப்பர் என்று கூற இயலாது. ஆயினும் பல்லாயிரக்கணக்கானோர் இன்று தம் வீட்டில் இருந்திருப்பர் என்பதில் ஐயமில்லை. மற்றொன்றையும் கருத வேண்டும். அவ்வாண்டின் சாலை மரணங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 68 பங்கு கிராமப் பகுதிகளில் நிகழ்ந்தவை. எனவே, விபத்து நகரத்தாருக்கு உரியது என்று நாம் எண்ணியிருக்கலாகாது.

"மெதுவாகத்தானே போகிறேன், எனக்கு எதற்கு?" என்று கேட்பாரும் உளர். வண்டியில் அமர்ந்திருப்பவருடைய தலை தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ளது. நின்ற வண்டியிலிருந்து சாய்ந்து வீழ்ந்தாலும், அத்தலை மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதும். அங்கே ஒரு மைல் கல்லோ, கால்வாய்ச் சுவரோ இருந்தால் போதும். "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்று நம் முன்னோர் கூறுவர். தலைக்கவசத்தின் உட்புறத்திலுள்ள வெண்மையான நுரைப் பொருள் அந்த வேலையையே செய்கிறது. அது தான் நசுங்கி, அடியின் வேகத்தைத் தான் வாங்கிக்கொண்டு மண்டையைக் காக்கிறது. ஒரு முறை நசுங்கிய நுரை மறுபடியும் காக்காது. ஆகவே, பலத்த அடி வாங்கிய கவசத்தை மீண்டும் அணியலாகாது.

இனி, புதியவரின் நிலையைப் பார்ப்போம். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துக்களை நேரில் சென்று ஆராய்ந்து, ஹர்ட் என்னும் பேராசிரியரின் குழுவினர் 1981-இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். விபத்துக்குள்ளானவர்களில் பாதிக்கு மேற்பட்டோர், விபத்து நேர்ந்த அந்த வண்டியை ஓட்டத் தொடங்கி ஐந்து மாதங்கூட ஆகாதவர்கள். நூற்றுக்கு 92 பேர் தாமாகவோ, உறவினரிடமோ, நண்பரிடமோ ஓட்டக் கற்றவர்கள். விபத்துக்களில் பெரும்பாலானவை கடைக்கோ, நண்பர் வீட்டுக்கோ செல்லும் குறுகிய பயணத்தில், புறப்பட்ட இடத்துக்கு அருகிலேயே நேர்ந்தன. ஊர் வேறாயினும், இவை நம் கிராமத்தைப் பார்த்து எழுதியவை போலவே இல்லையா? நாமும் அண்ணனிடமோ, மாமனிடமோதான் வண்டி பழகுகிறோம். நாமும் "இதோ, பக்கத்தில்தானே" என்று வெறுந்தலையுடன் புறப்படுகிறோம். மரக்கன்று நட்டால் வளர்ந்த மரத்தைவிட அக்கன்றுக்கே முதலில் வேலி கட்டுகிறோம். பழகாத கைக்கே காப்பு மிகுதியாகத் தேவை.

தலைக்கவசம் போதும், மற்றவை எதற்கு என்னும் கேள்விக்கு இப்போது வருகிறேன். இதில் உண்மையை மறைக்காமல் கூற வேண்டும். பூட்ஸ், ஜாக்கெட், கையுறை முதலியவை தோல் சிராய்ப்பையும் கிழிவையும் நன்கு தடுக்கின்றன. ஆயினும் அக்காயங்கள் அடிக்கடி நேர்பவையேயன்றி, உயிருக்கு ஆபத்தானவை அல்ல என்றே ஹர்ட் குழுவினரும் எழுதினர். உயிரைக் காப்பது தலைக்கவசம். மற்றவை தோலையும் கைகால்களையும் காக்கின்றன. ஆகவே, இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது பொருந்தாது.

ஆனால், நகரத்தில் மேசைமுன் அமர்ந்து எழுதுபவருக்குச் சிறு காயமாக இருப்பது, நமக்கும் சிறு காயந்தானா? விழுகிறவன் தன்னையறியாமலே முதலில் கைகளை ஊன்றுகிறான். உள்ளங்கைத் தோல் உரிந்தவர் மறுநாள் மண்வெட்டி பிடிக்க இயலுமா? பால் கறக்க இயலுமா? கணுக்காலில் காயமுற்ற பெண்மணி சேற்றில் இறங்கி நாற்று நட இயலுமா? சேறும் சாணமும் பட்டால் புண் சீழ்ப்பிடிக்கும். தடுப்பூசி போடாதவருக்கு இசிவு நோயும் வரக்கூடும். நடவுக் காலத்தில் பத்து நாள் கூலி போனால், அக்குடும்பம் கடன் வாங்க நேரிடும். உழைப்பவனுக்குக் கைகால்களே முதல். முதலைக் காப்பது செலவன்று.

ஆஸ்திரேலியாவில் கான்பெரா நகரப் பகுதியில் விபத்துக்குள்ளான 212 ஓட்டுநர்களைப் பற்றிய ஆராய்ச்சி 2011-இல் வெளிவந்தது. காப்பு ஜாக்கெட், காற்சட்டை, கையுறை அணிந்திருந்தவர்கள், அணியாதவர்களைவிடக் குறைவாகவே மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். மோட்டார் சைக்கிளுக்கென்று செய்யப்படாத சாதாரண பூட்ஸ்கூட, மற்றக் காலணிகளை நோக்க, பாதக் காயத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. அதே ஆராய்ச்சியில், விலை கொடுத்து வாங்கிய காப்பு உடைகளில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை சாலையில் உராய்ந்து ஓட்டையாகிப்போயின என்பதும் தெரியவந்தது. ஆதலால், பகட்டைப் பார்த்து வாங்காமல் தரத்தைப் பார்த்து வாங்க வேண்டும்.

நம் வெயிலையும் வருமானத்தையும் எண்ணிப் பார்க்கும்போது, சித்திரை வைகாசியில் தோல் ஜாக்கெட் அணியுமாறு உங்களைக் கேட்பது நியாயமன்று. காற்றுப் புகும் வலைத்துணி ஜாக்கெட்டுகள் கடைகளில் உள்ளன. வசதியுள்ளோர் அவற்றை வாங்கலாம். மற்றவர்கள் கீழ்க்கண்ட வரிசையில் செய்துகொள்ளலாம்.

முதலாவது, தலைக்கவசம். ஐ.எஸ்.ஐ. முத்திரையும், ஐ.எஸ். 4151 என்னும் தர எண்ணும் உள்ளதா என்று பார்த்து வாங்குக. 2021 ஜூன் முதல் இம்முத்திரை பெறாத கவசங்களை விற்பதே சட்டப்படி குற்றமாகும். தாடையையும் மூடும் முழுக் கவசம் சிறந்தது. வாரைப் பூட்டாத கவசம் விழும்போது தலையை விட்டுத் தெறித்துவிடும். புது வண்டி வாங்குகையில் அதனுடன் தலைக்கவசமும் வழங்கப்பட வேண்டும் என்பது விதி, கேட்டுப் பெறுக. தனியே வாங்கினாலும், ஏறத்தாழ ஒரு மூட்டை டி.ஏ.பி. உரத்தின் விலைக்கு நல்ல கவசம் கிடைக்கும்.

இரண்டாவது, காலணி. ரப்பர் செருப்பை விடுத்து, மூடிய பூட்ஸ் அணிக. கியர் மாற்றுகையில் வழுக்காது. சைலன்சர் கணுக்காலைச் சுடாது. மூன்றாவது, கையுறை. நான்காவது, முழுக்கைச் சட்டையும் கனத்த காற்சட்டையும். சாதாரணக் கெட்டித் துணி சாலையில் உராய்ந்தால் விரைவில் கிழியும் என்பது உண்மையே. ஆயினும் வெறுந்தோலுக்கு அது எவ்வளவோ மேல். வேட்டி கட்டுவோர் அதைக் காற்றில் பறக்கவிடாமல் இறுக்கிக் கட்ட வேண்டும். பின்னால் அமரும் தாய்மார்கள் சேலை முந்தானையைச் செருகிக்கொள்ள வேண்டும். பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாத பகுதியை மறைக்கும் தடுப்பு, விதிப்படி இருக்க வேண்டிய ஒன்று. அழகுக்காக அதைக் கழற்றிவிடுவது அறியாமையாகும்.

காப்பு அணிந்தவன் துணிச்சல் கொண்டு வேகமாக ஓட்டுவான் என்று சிலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் முற்றிலும் பொய்யன்று. கவசம் விழாமல் காக்காது, விழுந்தபின்பே காக்கும். விழாமல் காப்பது பயிற்சியும் நிதானமுமே. இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு நான் சில யோசனைகளைக் கூற விரும்புகிறேன். புதிதாகப் பழகுவோருக்காக, பல அளவுகளில் தலைக்கவசம், கையுறை, பூட்ஸ் ஆகியவற்றை வாங்கி, மகளிர் சுய உதவிக் குழுவின் பொறுப்பில் வைத்து, ஓரிரு மாதத்துக்கு இரவல் தரலாம். ஏர்க்கலப்பையை இரவல் கொடுத்து வாங்கிய நமக்கு இது புதிதன்று. போக்குவரத்தில்லாத பொது இடமொன்றைப் பழகுமிடமாக ஒதுக்கலாம். கொள்ளையும் எள்ளையும் சாலையில் பரப்பும் வழக்கத்தை நிறுத்திக் களத்துக்கு மாற்றலாம். அவற்றின் மேல் இரு சக்கர வண்டி எளிதில் வழுக்கும் என்பதை யாவரும் அறிவர்.

யாவற்றினும் மேலாக, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையிடம் மோட்டார் சைக்கிளைக் கொடுப்பதில்லை என்று கிராம சபையில் உறுதி பூணலாம். அவ்வாறு கொடுக்கும் பெற்றோருக்கோ, வண்டிக்குச் சொந்தக்காரருக்கோ மூன்று ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு என்று 2019-இன் சட்டத் திருத்தம் கூறுகிறது. ஆனால், சட்டத்துக்கு அஞ்சிச் செய்வதைவிடப் பிள்ளையின்மீதுள்ள அன்பினால் செய்வதே சிறப்பு.

அன்பர்களே! புதிதாக ஓட்டுவோர் முழுக் காப்பு அணிய வேண்டுமா என்று கேட்டோம். வேண்டும் என்பதே என் விடை. தலைக்கவசம் இன்றி ஒரு முழ தூரமும் செல்லலாகாது. மற்றவற்றை அவரவர் ஆற்றலுக்கேற்ப ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பழகிவிட்டோம் என்று பின்னர் அவற்றைக் கழற்றி எறியவும் கூடாது. இதனை இளைஞர்களுக்கு எடுத்துரைக்கும் உறுப்பினர்கள், தாம் இன்று வீடு திரும்பும்போதே தலைக்கவசத்தின் வாரைப் பூட்டிக்கொண்டு புறப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஊரார் நம் சொல்லைவிட நம் செயலையே கூர்ந்து பார்ப்பர்.