ஊட்டிச் செடியும் வெள்ளானூர் வெயிலும்

(சங்கக் கூட்டத்தில் பால்கனித் தோட்டம் பற்றி ஆற்றிய உரை)



மே மாத மலர்க் கண்காட்சிக்கு ஊட்டி போய் வருகிறவர்கள் ஹைட்ரேஞ்சியா, ஃபியூஷியா என்று நாலு தொட்டியாவது காரில் ஏற்றி வருகிறார்கள். ஜூன் முடிவதற்குள் தொட்டி மட்டும் மிஞ்சுகிறது. உரம் போதவில்லை என்று நினைக்கிறோம். குறை உரத்தில் இல்லை, நம் ஊர் இரவில் இருக்கிறது.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 6 டிகிரி வெப்பம் குறையும். இங்கே மே மாத இரவு 27, 28 டிகிரி. பகலில் சூடேறிய பால்கனிச் சுவர் இரவிலும் அனல் அடிக்கும். பகலில் சேர்த்த உணவைச் செடி அந்தச் சூட்டிலேயே செலவழித்து இளைத்துப்போகும். 1848-ல் தொடங்கிய ஊட்டி தாவரவியல் பூங்காவிலேயே சில செடிகளுக்குக் கண்ணாடி வீடு கட்டித்தான் வைத்திருக்கிறார்கள். நம்மால் அது முடியாது. அதனால் நம் இரவைத் தாங்கும் செடியைத் தேர்ந்தெடுப்போம்.

டென்ட்ரோபியம் ஆர்க்கிட் இங்கே நன்றாக வரும். மண் வேண்டாம், கரித்துண்டு, ஓட்டுச்சில்லு, தேங்காய் மட்டைத் துண்டு போதும். வேருக்குக் காற்று வேண்டும். 50 சதவீத நிழல் வலை கட்டுங்கள். ஆந்தூரியத்துக்கு 75 சதவீதம் தேவை. மேற்குப் பால்கனிக்காரர்கள் அடீனியம் வையுங்கள். எந்த வெயிலும் தாங்கும், தண்ணீர் தேங்கினால்தான் அழுகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதை உள்ளே நகர்த்திவிடுங்கள்.

அடுத்து தண்ணீர். ஆர்.ஓ. மெஷின் வெளியேற்றும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று பலர் செடிக்கு ஊற்றுகிறோம். அதில் போர் தண்ணீரைவிட உப்பு அதிகம். இலை நுனி கருகுவதற்கு அதுவும் ஒரு காரணம். அதைத் தரை துடைக்க வையுங்கள். செடிக்கு மழைநீரும், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் நல்லது; இரண்டிலும் உப்பு மிகக் குறைவு. காலையில் ஊற்றுங்கள், இரவில் இலை நனைய வேண்டாம்.

ஒரு வேண்டுகோள். தொட்டிக்கு அடியில் தட்டு கட்டாயம் வையுங்கள். கீழ்வீட்டுத் துணியில் சேறு சொட்ட வேண்டாம். அந்தத் தட்டை வாரம் ஒருமுறையாவது கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசுவுக்கு அந்தக் கொஞ்சம் தண்ணீரே போதும்.

இனி நர்சரியில் விலை கேட்கும் முன், "இது எந்த ஊர்ச் செடி?" என்று கேளுங்கள். பாதிச் செடிகள் அந்தக் கேள்வியிலேயே பிழைத்துவிடும்.